முதல் அம்பின் தூரம்

எங்கள் வீட்டுப் பிரம்பு இடியப்பத் தட்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தபோது மனைவி முதலில் சந்தேகப்பட்டது என்னை. பிறகு பக்கத்து வீட்டுப் பூனையை. ஆறாவது தட்டும் காணாமல் போன அன்று பின்வளவு வீட்டில் வாடகைக்கு இருந்த அக்கா தானாகவே வந்தார். முற்றத்தைக் கடந்து, குசினிக்குள் ஏறி, மனைவிக்கு ஒரு முழம் முன்னால் நின்று, "தங்கச்சி, உங்கடை தட்டுகளை எடுத்தது நான்தான். வேலியிலை காய வைச்சிருந்தீங்கள், ஆசையிலை எடுத்துப்போட்டன். அம்பு விடுறதுக்கு" என்றார். கையில் சந்தையில் வாங்கிய புதுத் தட்டுகள் பன்னிரண்டு இருந்தன.

மனைவிக்குக் கோபிப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அம்மா தன் அறைக்குள் இருந்தபடியே, "வில்லுக்காரி வந்திட்டாளோ" என்றார், அவருக்குக் கேட்கட்டும் என்றே.

அக்கா டென்மார்க்கிலிருந்து வந்தவர். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்து, புருசனையும் அந்த ஊர் மண்ணிலேயே விட்டுவிட்டு, ஓய்வு கிடைத்த கையோடு மானிப்பாய்க்கு வந்து எங்களிடம் வீடு எடுத்தார். அறுபது தாண்டியிருக்கும். சீலை இல்லை, களிசான் போட்டுக்கொண்டுதான் கிணற்றடிக்கு வருவார். கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்று என் நெஞ்சளவு உயரம். அதற்குள்தான் வில் இருந்தது. விமான நிலையத்தில், "இதால் எதைக் குறிவைப்பீர்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். வேறு யாராவது என்றால் விளையாட்டுச் சாமான் என்று சொல்லித் தப்பியிருப்பார்கள். இவர் "மான்" என்று உண்மையைச் சொல்லி மூன்று மணித்தியாலம் மர வாங்கில் குந்தியிருந்துவிட்டு வந்தார்.

"இங்கை மானிலை கை வைச்சா மறியலிலை போடுவம் எண்டவை. நான் ஒண்டையும் கொல்ல வரேல்லை, கை மறக்காமல் இருந்தாச் சரி எண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்தன்" என்று எங்களிடம் சொன்னார். கிராம உத்தியோகத்தரான விதானையார் ஒருநாள் வந்து வில்லைத் தொட்டுப் பார்த்து, நாணை இழுத்துப் பார்த்து, அது அரைவாசிக்கு மேல் வராததால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

தட்டு ஏன் என்று நான் கேட்டேன்.

"மானின்ரை நெஞ்சு உந்தத் தட்டளவுதான் தம்பி. அங்கத்தை மான் சின்னன், எங்கடை ஆட்டளவு. உந்த வட்டத்துக்கை பட்டா அது தெரியாமலே போயிடும். வட்டத்துக்கு வெளியிலை பட்டா, சாகவும் மாட்டுது, உயிரோடை இருக்கவும் மாட்டுது."

கிணற்றுக்கு அந்தப் பக்கம், பனைகளுக்கு முன்னால், தும்பு அடைத்த சாக்கு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு அதன் நடுவில் தட்டைக் குத்தியிருந்தார். இந்தப் பக்கம் நிலத்தில் அடித்த ஒரு முளை. காலையில் எழுந்து முகம் கழுவி, தேத்தண்ணி குடிக்க முன்னம், அந்த முளையில் நின்று ஒரே ஓர் அம்பு விடுவார். அதன் பிறகு இருபது முப்பது விட்டாலும் அவற்றைக் கணக்கில் எடுக்கமாட்டார். முதல் அம்பு தட்டில் பட்டதா இல்லையா என்பதுதான் அன்றைய செய்தி. ஒரு கிழமைக்குள் இரண்டு நாள் பிசகினால் முளையைப் பிடுங்கி ஓர் எட்டு முன்னால் நடுவார். வெட்கமே இல்லாமல், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கத்தக்கதாக நடுவார். மாதம் முழுக்கப் பிசகாமல் பட்டாலும் பின்னால் மட்டும் போகமாட்டார்.

"நல்லாப் படுகுதுதானே, எப்பன் தள்ளி நிண்டு பாக்கலாமே" என்றேன்.

"நல்ல நாளை வைச்சுத் தூரத்தை அளக்கிறேல்லை. நித்திரை வராத நாள், தடிமன் பிடிச்ச நாள், சோளகக் காத்து அடிக்கிற நாள், அண்டைக்கு எங்கை நிண்டாப் பிசகாதோ அதுதான் என்ரை தூரம். மான் ரெண்டாவது அம்புக்கு நிண்டு பாக்காது."

நான் நில அளவையாளர் ஒருவரிடம் வேலை செய்கிறவன். எனக்குத் தூரம் என்றால் நாடாவில் பார்த்துச் சொல்வது. ஒருநாள் அவர் கடைக்குப் போன நேரம் முளையிலிருந்து சாக்குவரைக்கும் நாடா பிடித்துப் பதினாறரை மீற்றர் என்று கண்டுபிடித்து, ஏதோ பெரிய உபகாரம் செய்தவன்போல் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"காட்டுக்கை ஆர் நாடா பிடிக்கிறது? மரமும் நிழலும் கண்ணை ஏமாத்தும். எனக்கு எங்கடை பாசைதான் நாடா."

"பாசையோ?"

"நான் மரத்திலை ஏறி இருந்து மானைப் பாக்கேக்கை மனசுக்குள்ளை கதைச்சுக்கொண்டிருப்பன். 'அந்த மான் நிக்குது' எண்டு வந்தா வில்லைத் தூக்கமாட்டன். 'உந்த மான்' எண்டு தன்ரைபாட்டிலை வாயிலை வந்துதெண்டா, சரி, அது என்ரை தூரத்துக்குள்ளை வந்திட்டுது."

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்கக் கொஞ்சம் கஷ்டம். கைக்கெட்டுவது இது, எட்ட நிற்பது அது என்று அவர்களுக்கு இரண்டு சொல்லோடு காரியம் முடிந்துவிடும். எங்களுக்கு நடுவில் உது ஒன்று இருக்கிறது. பிறந்த நாள் முதல் ஆயிரம் தடவை சொல்லியிருந்தும் அது எத்தனை மீற்றரில் தொடங்குகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று அலுவலகம் போகும் வழியெல்லாம் மின்கம்பங்களைப் பார்த்து அதுவோ உதுவோ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போய் ஒரு சைக்கிள்காரரோடு மோதப்பார்த்தேன்.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு அவரை அழைத்தார்கள். மைதானத்துக்கு நடுவில் ஐம்பது மீற்றரில் பலகை வைத்து, ஒலிபெருக்கியில் புகழ்ந்து, பொன்னாடையும் போர்த்தினார்கள். அக்கா வில்லோடு எழும்பி, பலகையை நோக்கி நடந்து, நடந்து, சனம் சிரிக்கத் தொடங்கிய பிறகும் நடந்து, தன் தூரத்தில் போய் நின்றுதான் அம்பை விட்டார். நட்டநடுவில் பட்டது. ஒருவரும் கை தட்டவில்லை. விளையாட்டு ஆசிரியர், "உதிலை நிண்டு எறிஞ்சாக் கல்லும் படுமே அக்கா" என்றார். அக்காவும், "ஓம், அதுதான்" என்றார். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்.

அவருக்கு இந்தக் குணம் எங்கேயிருந்து வந்தது என்று ஒரு மழை நாளில் தெரிந்தது. டென்மார்க்கில் பரீட்சை எழுதி வேட்டை அனுமதி எடுத்த புதிதில், கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பெண்ணோடு காட்டுக்குப் போயிருக்கிறார். காட்டு ஓரத்தில் கொம்போடு ஒரு கடா மான் நின்றது. தூரம் அதிகம் என்று தெரியும். சிநேகிதி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் தெரியும். விட்டுவிட்டார். நாணின் சத்தம் அம்புக்கு முந்திப் போய்ச் சேர, மான் திடுக்கிட்டுப் பதிந்து திரும்ப, அம்பு வயிற்றில் பட்டது. நாயைக் கூட்டி வந்து தேடியும் அடுத்த நாள் காலையில்தான் கண்டிருக்கிறார்கள்.

"உயிர் இருந்தது. என்னைப் பாத்தது. நான் எனக்குச் சொன்ன பொய்க்கு அது ஒரு முழு ராத்திரி கிடந்து துடிச்சிருக்குது. பிறகு ரெண்டு வருசம் வில்லைத் தொடேல்லை" என்றார். சொல்லிவிட்டு எழும்பிப் போய்க் கிணற்றடியில் தேவையில்லாமல் வாளியைக் கழுவினார்.

அதன் பிறகு அவருடைய மற்றப் பழக்கங்களும் எனக்கு விளங்கத் தொடங்கின. எங்கள் ஒழுங்கையில் பாதிக் கதை வேலிக்கு மேலால்தான் நடக்கும். அக்கா வேலிக்கு மேலால் ஒரு சொல் கதைத்ததில்லை. உப்புக் கூடிப்போச்சு என்று சொல்வதற்கும் படலையால் சுற்றி வருவார். தொலைபேசியில் ஓம், இல்லை, நேரிலை வாறன், இந்த மூன்றும்தான். கதைக்கும்போது மற்றவர்களைவிட ஓர் அடி கூடுதலாக நெருங்கி நிற்பார். எனக்கு அது கொஞ்சம் சங்கடம். நான் பின்னால் நகர அவர் முன்னால் வர, ஒருமுறை கதை முடிவதற்குள் முற்றத்திலிருந்து மாட்டுக்கொட்டில் வரைக்கும் போய்விட்டோம்.

எங்கள் சின்னவன், என் தம்பி, ஜெர்மனியில் இறந்துபோனது அந்த வருடம்தான். என்னோடு கூடப்பிறந்தது அவன் ஒருவன். வேலை செய்யும் இடத்தில் கதிரையில் இருந்தபடியே போய்விட்டான். முப்பத்தொன்பது வயது. எனக்குச் செய்தி வந்தபோது அம்மா இதயத்துக்குச் சத்திரசிகிச்சை செய்து வீட்டுக்கு வந்து பத்தாம் நாள். அதிர்ச்சி ஒன்றும் ஆகாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

நான் ஒரு பொய்யைக் கட்டினேன். அவனுடைய அகதி வழக்கு முடிகிற கட்டத்தில் இருக்கிறது, இலங்கைக்குப் போன் எடுக்கக்கூடாது என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார் என்றேன். அம்மா நம்பினார். பேப்பரில் அறிவித்தல் போடவில்லை, மதிலில் கண்ணீர் அஞ்சலி ஒட்டவில்லை. சொந்தக்காரர்களிடம் ஒருவர் விடாமல் கெஞ்சி வாயைக் கட்டினேன். அங்கேயே கூட்டாளிமார் தகனம் செய்தார்கள். நான் அதை அலுவலகத்துக் கழிப்பறையில் நின்று போனில் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அக்காவிடம் போனேன். முதியோர் இல்லத்தில் எத்தனை பேருக்கு எத்தனை செய்தி சொன்னவர். அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

"இண்டைக்கே சொல்லுவம். நீர் பக்கத்திலை இரும்."

"இண்டைக்கு ஏலாது அக்கா. என்னாலை ஏலாது."

"அப்ப நான் சொல்லுறதெண்டா என்ரை தூரத்திலை இருந்துதான் சொல்லுவன். உங்கடை அம்மாவுக்கு நான் வில்லுக்காரி. இப்ப சொன்னா அவ விழேக்கை பிடிக்க என்ரை கை எட்டாது."

அடுத்த நாள் மத்தியானம் கத்தியோடு வந்து, எங்கள் குசினி வாசலில் இருந்து, ஒருவரும் கேளாமல் சின்ன வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். அம்மா கதிரையில் இருந்தபடி, "உதென்ன புதுப் பழக்கம்" என்றார். பதிலாக வெங்காயம்தான் சட்டியில் விழுந்தது. ஒரு கிழமையில் அம்மாவும் ஒரு கத்தி கேட்டு வாங்கினார். இரண்டாம் கிழமை அக்காவின் களிசானைப் பற்றி நேரேயே ஏசினார், அது நல்ல சகுனம். மூன்றாம் கிழமை இருவரும் ஒரே பாயில். டென்மார்க்கில் பனி விழுந்தால் செருப்பு எப்படி, அங்கே வெங்காயம் எப்படி என்றெல்லாம் விசாரணை. சின்னவன் இருக்கிற ஊரிலும் இப்படித்தான் பனியோ என்று ஒருநாள் கேட்டார். நான் எழும்பி வெளியே போய்விட்டேன். அக்கா அசையாமல் இருந்து, "அங்கையும் விழும் அம்மா" என்றார்.

இருபத்தைந்தாம் நாள் அக்கா என்னிடம், "நாளைக்குச் சொல்லுவன்" என்றார்.

"முப்பத்தோராம் நாள் முடியட்டும் அக்கா. கீரிமலைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியையைச் செய்துபோட்டு வாறன். பிறகு ஆறுதலாச் சொல்லலாம்."

"தம்பி, தூரம் இப்ப சரி. தூரம் சரி வந்த பிறகும் வில்லை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது பயம். அதைக் கவனம் எண்டு சொல்லேலாது. நீர் பயப்பிடுறீர்."

நான் அவர் கையைப் பிடித்து மன்றாடினேன். அவர் விட்டுக்கொடுத்தார். அவர் எனக்காகத் தன் வழக்கத்தை மீறியது அந்த ஒருமுறைதான். அதற்கு நான்தான் காரணம்.

கீரிமலையில் ஒருவருக்கும் தெரியாமல் காரியத்தை முடித்தேன். அம்மாவிடம் அளவை வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒரு மாதத் தாடியையும் அன்றுதான் எடுத்தேன். அடுத்த நாள் மயிலிட்டியிலிருந்து வரும் மீன்காரரிடம் மனைவி ஒட்டி மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். ஒரு மாதம் மரக்கறி தின்ற வீட்டில் அந்த வாசம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்குப் பசித்தது. அந்தப் பசியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். தொடவில்லை. பாயில் பக்கத்தில் அக்கா வழக்கம்போல் வெங்காயத்தோடு இருந்தார்.

"மச்சமோ?"

"ஓம் அம்மா. இனிச் சாப்பிடலாம் எண்டு டொக்டர் சொன்னவர்."

அம்மா விரல்களை மடக்கத் தொடங்கினார். ஒரு கை முடிந்து மற்றக் கைக்குப் போய், திரும்பவும் முதல் கைக்கு வந்தார்.

"ஒரு மாசமா இந்த வீட்டிலை மச்சமில்லை. எனக்குத்தான் பத்தியம், நீங்களேன் தின்னேல்லை? சாமிப்படத்துக்கு நான்தான் விளக்கு வைச்சன், நீங்கள் ஒருதரும் கிட்டவும் போகேல்லை. நேற்றுத் தாடி எடுத்தனீ. இண்டைக்கு மீன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "செத்தவீட்டுத் துடக்குக் காத்திருக்கிறியள். ஆருக்கு?"

பொய்யை மூலைக்கு மூலை அடைத்து வைத்தவன் நான். சொந்தக்காரர்கள் வாயைக் கட்டினேன், போனைக் கட்டினேன். ஆனால் தம்பி செத்த வீட்டில் மீன் தின்னவும் கோயிலுக்குள் போகவும் எனக்கு மனம் வரவில்லை. அது அம்மா சொல்லித் தந்த முறை. அதை வாசிக்க அவருக்கு எந்த அறிவித்தலும் தேவைப்படவில்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. அப்போதும் நான், "ஒருதருக்குமில்லை அம்மா" என்றேன்.

அம்மா என்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் திரும்பினார். "பிள்ளை, நீர் சொல்லும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். கையைச் சீலைத் துண்டில் துடைத்தார். இருவருடைய முழங்கால்களும் முட்டிக்கொண்டிருந்தன. ஒரு கையால் அம்மாவின் முதுகைத் தாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தாமல், இழுக்காமல், "உங்கடை சின்னவன் அம்மா. வேலையிடத்திலை. நெஞ்சு நிண்டு போச்சு. துடிக்கேல்லையாம்" என்றார்.

அம்மா விழவில்லை. அழவுமில்லை. வெங்காயச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"எத்தினை நாள்?"

"முப்பத்திரண்டு."

"நீர் வெங்காயம் உரிக்க வந்தது இதுக்குத்தானோ?"

"ஓம்."

"முந்தநாள் கோயிலிலை அவன்ரை பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அருச்சனை செய்தனான். செத்த பிள்ளைக்கு ஆயுசு கேட்டு நிண்டிருக்கிறன்." இதை அக்காவிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரு தாய்க்கு அழ முப்பத்தொரு நாள் குடுத்திருக்கு. அவ்வளவையும் நீ எடுத்துப்போட்டாய்."

அக்காதான், "அவர் மட்டுமில்லை அம்மா, நானும் சேந்துதான் எடுத்தனான்" என்றார்.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. "பிள்ளை சொல்லிப்போட்டா. நீ இன்னும் சொல்லேல்லை. உன்ரை வாயாலை சொல்லு."

அந்த முப்பத்திரண்டு நாளில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறேன். விசயம் நடந்து போச்சு, ஆளில்லை, அப்பிடி ஆயிட்டுது, இப்படியெல்லாம். நான் எழும்பிப் போய் அம்மாவுக்கு முன்னால் பாயில் இருந்தேன். மீன் கோப்பை எங்களுக்கு நடுவில் இருந்தது. அக்கா அதை எட்டி எடுத்து அப்பால் வைத்தார்.

"சின்னவன் செத்துப்போனான் அம்மா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குரலெடுத்தார். நானும் அழுதேன். ஒழுங்கையால் போன சனம் படலையடியில் கூடியது. மனைவி குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ப் பின்வளவில் கவிழ்த்துவிட்டு வந்து, சாமிப்படங்கள் இருந்த அறையைச் சாத்தினாள்.

பொழுது சாய, அம்மா களைத்து, அக்காவின் மடியில் தலை வைத்துக் கிடந்தார். கண்ணைத் திறவாமல் ஒருமுறை, "இண்டைக்கு எத்தினையாம் நாள்" என்று கேட்டார்.

"முதலாம் நாள் அம்மா" என்றார் அக்கா.